தேதியில் பிறந்த சாதி!

தோழா!

ஒரு வகுப்பறைக்கு உன்னை அழைத்துச் செல்கிறேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் பின்வரிசையில் வந்து உட்கார். நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே நீ காணப்போகும் காட்சி என் கற்பனை. ஆனால், அதன்பின் நான் சொல்லப்போகும் கணக்கு கற்பனையன்று. கருவூலத்தின் ஏட்டிலே உள்ள கணக்கு.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஓட்டுக் கூரை. நடுவிலே சுவர் இல்லை. ஒரு தட்டிதான் தடுப்பு. தட்டிக்கு இந்தப் பக்கம் நான்காம் வகுப்பு; அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. இரண்டு ஆசிரியைகள். இருவரும் பள்ளிப் படிப்பு முடித்து, இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். இருவருக்கும் ஒரே பதவிப் பெயர்: இடைநிலை ஆசிரியர். காலையில் ஒரே பேருந்தில் வருவார்கள். ஒரே பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். மாலையில் ஒரே மணியோசைக்குப் பின் வீடு திரும்புவார்கள்.

நான்காம் வகுப்பிலே கணக்குப் பாடம். “இரண்டு பேர் ஒரே வயலில், ஒரே நேரம், ஒரே அளவு களை எடுத்தார்கள். மொத்தக் கூலி 600 ரூபாய். ஆளுக்கு எவ்வளவு?” என்று கேட்கிறார் இளைய ஆசிரியை.

“முந்நூறு, டீச்சர்!” என்று முன்வரிசைச் சிறுமி முந்திக்கொள்கிறாள்.

“ஏன் சமமாகப் பிரித்தாய்?”

“ரெண்டு பேரும் ஒரே வேலைதானே செஞ்சாங்க, டீச்சர்!”

தட்டிக்கு அந்தப் பக்கம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த மூத்த ஆசிரியையின் கை நின்றுவிடுகிறது. தட்டியின் மேலாக எட்டிப் பார்க்கிறார். “நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறதம்மா” என்கிறார்.

“கோட்டைக்குத் தெரியவில்லையே, அக்கா!” என்கிறார் இளையவர்.

திரை விழட்டும் தோழா! இனி, கணக்கைப் பார்ப்போம்.

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, நம் மாநில அரசு 2009 சூன் முதல் நாள் ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் இடைநிலை ஆசிரியருக்கு இருந்த ஊதிய விகிதம் 4,500 ரூபாயில் தொடங்கி 7,000 ரூபாயில் முடிவது. மே 31 வரை பணியேற்றவருக்கு அந்த 4,500 ரூபாயை 1.86 என்ற எண்ணால் பெருக்கினார்கள். 8,370 ரூபாய் வந்தது. அதனுடன் தர ஊதியம் 2,800. ஆக 11,170 ரூபாய். சூன் முதல் நாளும் அதற்குப் பின்னும் வந்தவருக்கோ பெருக்கலே கிடையாது. 5,200 ரூபாயில் தொடக்கம். தர ஊதியம் அதே 2,800. ஆக 8,000 ரூபாய். இடையே விழுந்த பள்ளம் 3,170 ரூபாய்.

மே 31, அந்த ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை! வெள்ளியன்று ஒருவர் பணியேற்றார் என்று வைத்துக்கொள். திங்களன்று இன்னொருவர் பணியேற்றார் என்று வைத்துக்கொள். இருவருக்கும் இடையே இருந்தவை ஒரு சனியும் ஒரு ஞாயிறும். அந்த இரண்டு விடுமுறை நாட்களில் ஒருவர் அறிவில் மூத்தவராகி, இன்னொருவர் ஆற்றலில் இளைத்துப் போனாரா? இல்லையே! நாட்காட்டியில் ஒரு தாள் கிழிந்தது. அந்தத் தாளோடு சேர்த்து ஒருவருடைய வாழ்நாள் ஊதியமும் கிழிந்தது!

“1.86 என்றால் என்ன? அது மூத்தவர்களுக்குக் கிடைத்த பரிசுதானே?” என்று கேட்பாய். பரிசன்று. பழைய அடிப்படை ஊதியத்தோடு, ஏற்கெனவே அகவிலை ஊதியமாகக் கொடுத்துவந்த பாதியைச் சேர்த்தால் ஒன்றரை மடங்கு. அதன்மேல் 2006 சனவரி நிலவரப்படி 24 விழுக்காடு அகவிலைப்படி. ஒன்றரையை 1.24 ஆல் பெருக்கிப் பார், 1.86 வரும். அதாவது, அந்த 8,370 ரூபாய் என்பது பழைய 4,500 ரூபாயேதான். விலைவாசி ஏறியதற்கு ஈடு சேர்த்த பழைய சம்பளம்தான்!

இப்போது புதியவரின் 8,000 ரூபாயை அதனருகே வைத்துப் பார். தர ஊதியத்தையும் சேர்த்து 8,000. பழைய விகிதத்திலேயே அவரை விட்டிருந்தால், அதே 2006 சனவரி அளவுகோலில் 8,370. ஊதியத்தை உயர்த்த வந்த ஆணை, இந்த ஆசிரியருக்கு 370 ரூபாயைக் குறைத்திருக்கிறது! ஊரெல்லாம் மழை பெய்ய, ஒரு வீட்டுக் கிணறு மட்டும் வற்றியது போன்ற விந்தை இது.

பள்ளம் அன்றோடு நின்றதா? அதுதான் இல்லை. ஆண்டுதோறும் தரும் வளர்ச்சி ஊதியம் 3 விழுக்காடு. 11,170க்கு 3 விழுக்காடு 335 ரூபாய். 8,000க்கு 240 ரூபாய். அகவிலைப்படியும் விழுக்காட்டுக் கணக்கு. விழுக்காடு என்பது இருப்பவருக்கு மேலும் கொடுக்கும் நண்பன். இல்லாதவருக்கு அது எட்டி நின்று கையசைக்கும் விருந்தாளி. பின்னர் 2017இல் அடுத்த ஊதியத் திருத்தம் வந்தது. அப்போது பெருக்கிய எண் 2.57. இரண்டு தொடக்கத் தொகைகளையும் அந்த எண்ணால் பெருக்கிப் பார். முன்னது 28,700 ரூபாயைத் தாண்டும்; பின்னது 20,600 ரூபாயை ஒட்டி நிற்கும். 3,170 ரூபாய்ப் பள்ளம் 8,100 ரூபாய்க்கு மேற்பட்ட மடுவாகிவிட்டது! சம்பளத்தைப் பெருக்கினார்கள், கூடவே அநீதியையும் பெருக்கினார்கள்.

இன்னொரு வேடிக்கையையும் கேள். 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற தடை வைக்கப்பட்டது. 2009க்கு முன் வந்தவர் பணியேற்றபோது அந்தத் தேர்வை எழுதவில்லை. பின்னால் வந்தவர், பயிற்சியும் பெற்று, தேர்வையும் வென்று வந்தார். கூடுதல் சுமையைத் தலையில் ஏற்றினார்கள், கூலியைக் குறைத்தார்கள். இதற்குப் பெயர் நிர்வாகமாம்!

தோழா, ஒரு தெளிவு வேண்டும். மூத்தவருக்கு மதிப்புத் தரக்கூடாது என்பது நம் வாதமன்று. இருபதாண்டு உழைத்தவர், நேற்று வந்தவரைவிடக் கூடுதலாகப் பெறுவது முறை. அதற்காகத்தான் ஆண்டு வளர்ச்சி ஊதியம் இருக்கிறது. அதற்காகத்தான் தேர்வுநிலை, சிறப்புநிலை என்ற படிகள் இருக்கின்றன. ஏணியில் மேல்படியும் உண்டு, கீழ்ப்படியும் உண்டு. ஏறியவர் மேலே நிற்பார். ஏறத் தொடங்கியவர் கீழே நிற்பார். நாளை அவரும் மேலே வருவார். அது வளர்ச்சி. ஆனால், இருவரும் தரையிலே நின்று முதற்படியில் கால் வைக்கும்போதே ஒருவருக்கு மேடையும் மற்றவருக்குக் குழியும் வெட்டிவைத்தால், அது வளர்ச்சியன்று, வஞ்சனை. எத்தனை படி ஏறினாலும் அந்தக் குழியின் ஆழம் அவரைத் தொடர்ந்து வரும்.

மூத்தவரின் இலையிலிருந்து ஒரு பருக்கையையும் எடுக்கச் சொல்லவில்லை. தம்பிக்குப் பரிமாறவில்லை என்றால், அண்ணனின் இலையைப் பறிப்பதா நியாயம்? தம்பிக்கும் முழு இலை போடு என்பதுதான் நம் கோரிக்கை. இதை மறந்து, மூத்தவரும் இளையவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டால், கோடு கீறியவருக்குத்தான் கொண்டாட்டம்.

நம் இயக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் உண்டு. நீதிக்கட்சி ஆண்ட காலத்தை நினைத்துப் பார். 1921இல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. எதற்காக? அரசு அலுவலகத்தின் வாசற்படியை மிதிக்கவே நம் மக்களுக்கு உரிமை இல்லாதிருந்த நிலையை மாற்றுவதற்காக. குடியானவன் மகன், சலவைத் தொழிலாளி மகள், கல்லுடைப்பவர் பேரன் ஆகியோர் எழுதுகோல் ஏந்தி அரசு இருக்கையில் அமரவேண்டும் என்பதற்காக. எந்த வீட்டில் பிறந்தாய் என்று பார்த்து இருக்கையை ஒதுக்கிய ஏற்பாட்டை எதிர்த்தோம். பிறந்த வீட்டைத் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது; முடியாத ஒன்றுக்காக ஒருவனைத் தண்டிப்பது அறமாகாது என்றோம். மேடைதோறும் முழங்கினோம்.

பணியேற்கும் தேதியையும் அந்த ஆசிரியர் தேர்ந்தெடுக்கவில்லையே! ஆணை தபாலில் வந்த நாளை அவர் குறித்தாரா? நேர்காணல் முடிந்து கோப்பு எத்தனை மேசைகளில் உறங்கியது என்பதை அவர் தீர்மானித்தாரா? பிறப்பால் பிரித்தால் சாதி. தேதியால் பிரித்தால் அதற்கு வேறு பெயர் வேண்டுமா? இதுவும் சாதிதான், தேதியில் பிறந்த சாதி! அந்தப் பிரிவுக்குச் சாத்திரம் காட்டினார்கள். இந்தப் பிரிவுக்கு அரசாணை எண் காட்டுகிறார்கள். சாத்திரத்தையே கேள்வி கேட்ட நாம், அரசாணை எண்ணைக் கண்டு வாய்மூடி நிற்கலாமா?

இது மேடைப் பேச்சுக்கு எடுத்த உவமை மட்டுமன்று. நாட்டின் உச்சநீதிமன்றமே இத்தகைய கோட்டை எடைபோட்டுப் பார்த்திருக்கிறது. ஒன்றிய அரசு 1979இல் ஓய்வூதியத்தைத் தாராளமாக்கியது. ஆனால், அந்த ஆண்டு மார்ச் 31க்கு முன்னே ஓய்வுபெற்றோருக்கு அது கிடையாது என்றது. நகாரா என்ற ஓய்வூதியர் வழக்காடினார். 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம், ஒரே இனத்தவரான ஓய்வூதியரை ஒரு தேதியால் இரண்டாக வெட்டுவது சமத்துவத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. ஓய்வூதியர்கள் அந்த நாளை இன்றும் தங்கள் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், தில்லிக் காவல்துறையின் வண்டி ஓட்டுநர் ரண்தீர் சிங்கின் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசமைப்பின் குறிக்கோள் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார்.

“தெரிந்துதானே சேர்ந்தார்கள்? குறைந்த சம்பளம் என்று ஆணையிலேயே இருந்ததே?” என்று கேட்பவருக்கும் விடை இருக்கிறது. 2016இல் பஞ்சாப் மாநிலத் தற்காலிக ஊழியர் வழக்கிலே உச்சநீதிமன்றம் அதைச் சொல்லிற்று. குறைந்த கூலிக்கு எவரும் விரும்பி உழைப்பதில்லை. குடும்பத்துக்குச் சோறும் கூரையும் தேடித் தன்மானத்தை அடகு வைக்கிறார் என்பது அதன் கருத்து. பசித்தவன் போட்ட கையெழுத்தைக் காட்டிப் பட்டினியை நியாயப்படுத்தாதே என்று நாம் பண்ணையாரிடம் சொன்னதைத்தான் நீதிமன்றம் அரசிடம் சொன்னது.

உண்மையை மறைக்க வேண்டாம். நீதிமன்றங்கள் எல்லா வழக்கிலும் இப்படியே சொல்லிவிடவில்லை. நிதி நிலைமையைக் காரணம் காட்டிக் கீறிய தேதிக்கோடுகளை ஏற்றுக்கொண்ட தீர்ப்புகளும் உண்டு. ஆகவேதான் இந்த வழக்கை மக்கள் மன்றத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மக்கள் மன்றம் என்றதும் தேநீர்க் கடைப் பலகை நினைவுக்கு வருகிறது. அங்கே நம் உழவர் தோழர் உட்கார்ந்திருப்பார். “என் நெல்லுக்கு விலை இல்லை, வாத்தியாருக்கு எட்டாயிரம் குறைகிறதாம்! மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவருக்கு என்ன குறை?” என்பார். அவர் கேள்வியைத் தள்ளிவிடாதே, தோழா! அதிலே வலி இருக்கிறது. அருகே அமர்ந்து சொல்: “ஐயா, உங்கள் பேரப்பிள்ளை அந்த ஆசிரியை முன்தான் உட்கார்ந்திருக்கிறது. அரசே ஒரே வேலைக்கு இரண்டு கூலி தரலாம் என்றால், ஆலை முதலாளி சும்மா இருப்பாரா? பழைய தொழிலாளிக்கு ஒரு கூலி, ஒப்பந்தத்தில் வந்த உங்கள் மகனுக்குப் பாதிக் கூலி என்று அவரும் கோடு கீறுவார். கேட்டால், கோட்டையைக் கைகாட்டுவார்!” அவருக்குப் புரியும். வரப்பு நகர்ந்தால் வயல் குறையும் என்பதை அவருக்கா நாம் சொல்லித்தர வேண்டும்?

அந்த ஆசிரியைக்கும் கீழே இருப்பவரையும் மறவாதே. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியமும் தையலும் உடற்பயிற்சியும் கற்பிக்கப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது அவர்களுக்குக் குறித்த ஊதியம் மாதம் 5,000 ரூபாய். ஒரே பள்ளிக்கூடத்தின் கூரைக்குக்கீழ் இத்தனை அடுக்குகள்! வருணம் நான்கு என்றார்கள் அன்று. ஊதிய ஏட்டில் அதைவிடக் கூடுதலாக எண்ணலாம் போலிருக்கிறது.

இன்னொரு கோட்டையும் சொல்லவேண்டும். 2003 ஏப்ரல் முதல் நாள். அன்றும் அதன் பின்னும் பணியேற்றவருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. பங்களிப்பு ஓய்வூதியம் என்றார்கள். அந்த ஆண்டு சூலையில் போராடிய அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே மூச்சில் வேலைநீக்கம் செய்தது அன்றைய அம்மையார் ஆட்சி. 2009 சூனில் வந்த ஆசிரியரோ இரண்டு கோடுகளுக்கும் அப்பால் பிறந்தவர். உழைக்கும் காலத்தில் ஒரு கோடு. ஓய்வுக் காலத்துக்கு இன்னொரு கோடு!

2003இன் கோட்டை மாற்றார் கீறினார். அதைச் சாடுவது நமக்கு எளிது. 2009இன் கோடு? தோழா, நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். அப்போது கோட்டையில் இருந்தது நம் ஆட்சி. இலட்சக்கணக்கான ஊழியரின் ஊதியத்தை உயர்த்திய அந்த ஆணையின் ஓரத்தில் இந்தப் பிழை ஒட்டிக்கொண்டது. துணி நெய்தவன் கையாலேயே இழை அறுந்தது. அறுந்த இழையை முடிவதற்கு நெய்தவனைவிட உரியவன் யார்? அதனால்தான் 2021 தேர்தல் அறிக்கையில் இவர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் என்று நாம் எழுதினோம். அதை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நீ. அந்தத் தாளில் உன் கைரேகை இருக்கிறது.

2018இலேயே சென்னைக் கல்லூரிச் சாலைக் கல்வித்துறை வளாகத்தில் உண்ணாமல் கிடந்தவர்கள் இந்த ஆசிரியர்கள். 2022 டிசம்பர் இறுதியில் மீண்டும் உண்ணாநோன்பு. 2023 சனவரி முதல் நாள், ஆராய்வதற்கு ஒரு குழுவை முதலமைச்சர் அறிவித்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியிலும், பின்னர் 2025 டிசம்பரிலும் அவர்கள் மறுபடி தலைநகரின் தெருவிலே அமர்ந்தார்கள். குழு அமைப்பது தவறன்று; குழு என்பது பாலம். ஆனால், பாலம் கடப்பதற்கு, குடியிருப்பதற்கன்று.

“கருவூலம் தாங்காதே!” என்பார்கள். கருவூலத்தின் சுமையை நாம் அறியாதவரல்லர். ஒன்றியம் வரியை வாரிக்கொண்டு பங்கைச் சுருக்குவதை நாள்தோறும் எழுதிக்கொண்டிருப்பவர்களே நாம்தாம். ஒரே நாளில் முடியாது என்றால் தவணை வகுக்கலாம். முதலில் தொடக்க ஊதியத்தைச் சமமாக்கலாம். நிலுவையைப் பிறகு பேசலாம். கடன்பட்டவன், “இன்று பாதி, நாளை மீதி” என்றால் கடன் கொடுத்தவர் காத்திருப்பார். “கடனே இல்லை” என்றால்தான் கொதிப்பார். மேலும், இதைச் செலவு என்று எழுதுகிற கை, பதினைந்து ஆண்டுக்கும் மேலாக மாதந்தோறும் கொடுக்காமல் வைத்துக்கொண்ட தொகையை எந்தப் பக்கத்தில் எழுதியது? அந்த ஆசிரியைகளின் சமையலறையிலிருந்து வந்த கடனல்லவா அது!

ஏன் இப்போது இதை எழுதுகிறேன் தெரியுமா? 2025இல் ஒன்றிய அரசு எட்டாவது ஊதியக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை வந்தபின் மாநிலங்களும் ஊதியத்தைத் திருத்துவது வழக்கம். மறுபடி ஒரு பெருக்கல் எண் பிறக்கும். மறுபடி ஒரு தேதி குறிக்கப்படும். பழைய பள்ளத்தை மூடாமல் பெருக்கினால், எட்டாயிரம் என்னவாகும் என்று அந்த நான்காம் வகுப்புச் சிறுமியைக் கேள். கரும்பலகையில் போட்டுக் காட்டுவாள். புதிய தேதியால் புதியதொரு சாதி பிறக்கவும் கூடும். ஆகவே, பேனா தாளைத் தொடுமுன் நாம் பேசியாக வேண்டும்.

உனக்கு மூன்று வேலை தருகிறேன். உன் ஊர்ப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்கள் எந்தெந்தத் தேதியில் சேர்ந்தவர்கள், என்னென்ன பெறுகிறார்கள் என்று கேட்டறிந்துகொள். வாய்ப்பந்தல் வேண்டாம், எண்ணோடு பேசு. உன் கிளைக்கழகக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கி மேலே அனுப்பு; நம்மவர் மனம் கோணுமோ என்று தயங்காதே, வாக்கைக் காப்பாற்றச் சொல்பவனே கட்சியைக் காப்பாற்றுபவன். தேநீர்க் கடையில் உழவரையும் ஆசிரியரையும் எதிரெதிரே நிறுத்தப் பார்ப்பவன் வந்தால், இருவருக்கும் நடுவே நீ போய் உட்கார்.

மறுபடி அந்த ஓட்டுக் கட்டடத்துக்குப் போவோம், தோழா! மாலை மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். கரும்பலகையில் அந்தக் கணக்கு அழியாமல் இருக்கிறது: 600 ரூபாய், இரண்டு ஆட்கள், ஆளுக்கு 300. இளையவர் அழிப்பானைக் கையில் எடுக்கிறார். “இருக்கட்டும் அம்மா, அழிக்காதே!” என்கிறார் மூத்தவர்.

அந்தக் கணக்கு அங்கேயே இருக்கட்டும். அழிக்கவேண்டிய கோடு கோட்டையில் இருக்கிறது!